காது வெட்டிய ஆட்டுக்குக் காது வெட்டிய குட்டி பிறக்குமா?

கேள்வி என்னுடையது அல்ல. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் ஆடு வைத்திருப்பவர்கள், யாருடைய ஆடு என்று அடையாளம் தெரிய, காது ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு போடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெட்டு. அன்று வகுப்பில் தாயும் குட்டியும் படங்களைக் கரும்பலகையில் ஒட்டி, "குட்டி தாயைப் போலவே இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து, "அப்போ காது வெட்டின ஆட்டுக்குக் காது வெட்டின குட்டிதான் பிறக்குமா டீச்சர்?" என்றான்.

எனக்கு விடை தெரியும். ஆனால் ஒட்டி வைத்த படங்களில் அந்த விடை இல்லை. சிங்கமும் சிங்கக்குட்டியும், யானையும் யானைக்குட்டியும் வைத்துக்கொண்டு இவனுக்கு எதைக் காட்டுவது? அங்கே ஆரம்பித்த வேலை இரண்டு கல்வியாண்டு ஓடியது. எது நடந்தது, எது நடக்கவில்லை, அடுத்து செய்பவர்கள் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

எங்கள் பள்ளி விருதுநகர் மாவட்டத்தில், கரிசல் காட்டில் இருக்கிறது. நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் சேர்த்து நான்தான் எடுக்கிறேன்; அந்த ஆண்டு இரண்டுக்கும் சேர்த்து 26 பேர். இப்படிச் சேர்த்து எடுப்பதில் கஷ்டம் உண்டு. ஆனால் இந்த வேலைக்கு அதுவே கைகொடுத்தது. நாலில் விதை போட்ட பிள்ளை ஐந்திலும் என்னிடமே இருக்கும்.

முதலில் செய்யாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். பரம்பரைப் பண்பு என்றதும் பயிற்சித் தாள்களில் வருவது பிள்ளையின் முகம்தான். "உன் மூக்கு யாருடையது? காது மடல் ஒட்டியிருக்கிறதா? நாக்கை மடிக்க முடியுமா? வீட்டில் யாரெல்லாம் மடிக்கிறார்கள்?" சில வருடங்களுக்கு முன் நானும் அதைச் செய்தேன். குடும்பப் படம் கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் ஒரு பெண் படம் இல்லாமல் வந்து கடைசி வரை தலை நிமிரவில்லை. அவள் சித்தி வீட்டில் வளர்கிறவள். அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது, அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. இன்னொருவனைப் பார்த்து மற்றவர்கள், "உங்க வீட்டுல எல்லாரும் செகப்பு, நீ மட்டும் ஏண்டா கருப்பு?" என்று கேட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்கவில்லை. போதாததற்கு, நாக்கு மடிப்பதும் காது மடலும் அந்தத் தாள்கள் சொல்வதுபோல் ஒற்றைக் காரணத்தால் வருபவையே அல்ல. அச்சு அசலாக ஒன்றுபோல் பிறந்த இரட்டையரிலேயே ஒருவர் நாக்கை மடிப்பார், மற்றவரால் முடியாது. பாடமும் தப்பு, பிள்ளைக்கும் வலி. அதனால் இந்த முறை மனித முகமே வேண்டாம், ஆடு, கோழி, செடி மட்டும் என்று முடிவு செய்தேன்.

கிடையில் ஒரு சனிக்கிழமை

எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தியின் வீட்டில் நாற்பது ஆடுகளுக்கு மேல் உண்டு. எல்லாம் கன்னி ஆடு. கருப்பு உடம்பு, முகத்தின் இரண்டு பக்கமும் மேலிருந்து மூக்கு வரை இறங்கும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மண் நிறத்தில் இருந்தால் செங்கன்னி. இதை எனக்குச் சொல்லித் தந்தது அந்தப் பெண்தான். கிடைக்குப் போனபோது அவள்தான் டீச்சர், நான் பிள்ளைகளோடு நின்று கேட்டுக்கொண்டேன்.

நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்லியிருந்தேன். பிறக்கும்போதே இருந்தது, பிறகு வந்தது, தெரியவில்லை. அந்த மூன்றாவது பத்தி இல்லாமல் இந்தப் பாடத்தை எடுக்க வேண்டாம் என்பது என் அனுபவம். இரண்டே பத்தி என்றால் பிள்ளைகள் எதையாவது ஒன்றில் தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். மூன்றாவது இருந்தால்தான் சண்டை போடுவார்கள்.

முகக் கோடு பிறக்கும்போதே இருந்தது. அன்று காலை பிறந்து இன்னும் ஈரம் காயாத குட்டி ஒன்று இருந்தது. அதற்கும் இரண்டு கோடும் தெளிவாகத் தெரிந்தன. காது வெட்டு பிறகு வந்தது. கேள்வி கேட்ட பையனையே குட்டிகளின் காதைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். பதினொரு குட்டிகளையும் பார்த்துவிட்டு வந்து, "எல்லாக் காதும் முழுசா இருக்கு" என்றான். தாய்களின் காதில் வெட்டு இருந்தது, தாய்களின் தாய்களுக்கும் இருந்திருக்கும். குட்டிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் புதுக் காது. ஒடிந்த கொம்பு பிறகு வந்தது. கழுத்து மணி என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதுவும் பிறகு வந்ததுதானே, இருக்கட்டும் என்று விட்டேன்.

சண்டை வந்தது ஒரு இரட்டைக் குட்டியில். ஒரே நாளில் ஒரே தாய்க்குப் பிறந்தவை. ஒன்று கொழுகொழுவென்று, இன்னொன்று விலா தெரிய. மெலிந்த குட்டிக்குத் தாய் மடி கொடுக்கவில்லை, புட்டிப்பாலில் வளர்கிறது. அப்படியானால் உடம்பு பருமன் எந்தப் பத்தி? "பிறகு வந்தது" என்றான் ஒருவன். "இல்லை, கன்னி ஆடு எவ்வளவு தின்னாலும் ஒரு அளவுக்கு மேல வளராது, எங்க தாத்தா சொல்லுவாரு" என்றாள் ஆட்டுக்காரப் பெண். இரண்டும் சரி. இனத்துக்கு என்று ஒரு அளவு பிறப்பிலேயே வருகிறது. அந்த அளவை எட்டுமா என்பது தீவனத்தில் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைகள் இந்த இடத்துக்குத் தாங்களாகவே வந்து நின்றார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வந்து ஒரு கதை சொன்னேன். ஜெர்மனியில் ஆகஸ்ட் வைஸ்மன் என்ற அறிஞர் 1880களில் வெள்ளைச் சுண்டெலிகளின் வாலை வெட்டி, அவற்றின் குட்டிகளின் வாலையும் வெட்டி, இப்படித் தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்தார். ஐந்து தலைமுறையில் 901 குட்டிகள் பிறந்தன, ஒன்றுகூடக் குட்டை வாலோடு பிறக்கவில்லை. "பாவம் டீச்சர் எலி" என்றார்கள். ஆமாம், பாவம்தான். அதே சோதனையை நம் ஊர் ஆட்டுக்காரர்கள் எத்தனையோ தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள், நாம் அதைப் போய் எண்ணினோம், அவ்வளவுதான் என்றேன்.

கோழியும் ஊசிக்கன்றும்

கோழி தேடி வந்தது. ஒரு பையன் வீட்டில் கழுத்தறுத்தான் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. கழுத்தில் இறகே இல்லாமல் சிவந்த தோல் தெரியும் நாட்டுக்கோழி. இந்தக் கோழிக்கு முன்கழுத்தில் மட்டும் ஒரு கொத்து இறகு இருந்தது. சேவல் சாதாரணச் சேவல், கழுத்து நிறைய இறகு. இருபத்தொரு நாள் கழித்து ஒன்பது குஞ்சு பொரித்தது. கழுத்து மொட்டையா இல்லையா என்று பார்க்க இறகு முளைக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பொரித்த அன்றே தெரிந்துவிடும், மொட்டைக் குஞ்சுக்குக் கழுத்தில் பஞ்சு இருக்காது. ஐந்து மொட்டை, நான்கு இறகு.

அந்த முன்கழுத்துக் கொத்து முக்கியம். இரண்டு பெற்றோரிடமிருந்தும் மொட்டைக் கழுத்தைப் பெற்ற கோழிக்குக் கழுத்து ஏறக்குறைய முழுதும் வெறுமையாக இருக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றதற்குத்தான் இந்தக் கொத்து நிற்கும். ஆக, இந்தக் கோழி பாதிக்குப் பாதி. அது தன் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிக்குத்தான் மொட்டைக் கழுத்தைக் கொடுக்கும். பிள்ளைகளிடம் அன்று இவ்வளவும் சொல்லவில்லை. ஐந்தும் நான்கும் என்று எழுதி வைக்கச் சொன்னதோடு சரி. இந்த வகைக் கோழி வெயிலை நன்றாகத் தாங்கும் என்று அந்தப் பையனின் ஆச்சி சொன்னார்கள். உண்மைதான். இறகு குறைந்த கழுத்து வழியாக உடம்புச் சூடு வெளியேறுகிறது.

இன்னொரு வீட்டில் கோழிக்கு வாத்து முட்டை வைத்திருந்தார்கள். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். அந்தக் கோழி ஒரு வாரம் கூடுதலாகவே உட்கார்ந்திருந்தது. குஞ்சுகள் கோழி பின்னாலேயே சுற்றின, அதன் குரலுக்கு ஓடி வந்தன. கண்மாய்க் கரைக்குப் போனதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கிவிட்டன. கோழி கரையில் அங்கும் இங்கும் ஓடிக் கத்தியது. பிள்ளைகள் இதைப் பார்த்த விதத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "நீச்சல் யாரு சொல்லிக் குடுத்தா?" என்று ஒரு குட்டிப் பெண் கேட்டாள். காக்கைக் கூட்டில் வளரும் குயில் குஞ்சு கடைசியில் குயிலாகத்தான் கூவும் என்று அவர்களில் ஒருவனே பதில் சொன்னான். குஞ்சின் காலை எடுத்து விரலிடைச் சவ்வை விரித்துக் காட்டினேன். சவ்வு வாத்தம்மா கொடுத்தது. யார் பின்னால் ஓடுவது என்பதைக் குஞ்சு பொரித்த பிறகு கற்றுக்கொண்டது. அதே மூன்று பத்தி.

தடுமாறியது மாட்டில். ஒருவன் வீட்டு நாட்டுப் பசு கன்று போட்டிருந்தது. தாய் சாம்பல் வெள்ளை, நல்ல திமில். கன்று கருப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக, திமில் இருக்கும் இடமே தெரியவில்லை. "இது ஏன் தாய் மாதிரி இல்லை?" என்று கேட்டேன். "அப்பா மாதிரி இருக்கும்" என்று விடை வரும் என்ற நினைப்பில்.

"அதுக்கு அப்பா இல்லை டீச்சர். ஊசி போட்டுப் பிறந்தது."

வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. அவர்கள் பார்த்தது அதுதானே. கால்நடை டாக்டர் வண்டியில் வருகிறார், ஊசி போடுகிறார், மாடு சினையாகிறது. காளையை யாரும் பார்த்ததே இல்லை. இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்தக் கேனுக்குள் இருப்பது மருந்து இல்லை, எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு காளையின் வித்து. திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில் உறைய வைத்திருப்பார்கள். அந்தக் காளை ஹோல்ஸ்டீன் இனம். ஐரோப்பிய மாட்டுக்குத் திமில் கிடையாது, கருப்பு வெள்ளைத் திட்டு உண்டு. அடுத்த முறை டாக்டர் வந்தபோது அவரே கேனைத் திறந்து புகை காட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கன்றுக்கு நோட்டில் அப்பா பெயர் ஏறியது. "தூரத்துக் காளை."

சங்குப்பூ

ஆடும் கோழியும் காட்டியது, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது என்பதை. எப்படி வருகிறது, ஒளிந்திருந்து எப்படித் திரும்பி வருகிறது என்பதைக் காட்டச் செடி வேண்டும். கிரிகோர் மெண்டல் 1856இலிருந்து 1863 வரை, அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் புர்னோ நகர மடாலயத் தோட்டத்தில் பட்டாணியை வைத்துச் செய்தது அதுதான். எங்கள் வெயிலுக்குப் பட்டாணி சரிப்படாது. அதே அவரைக் குடும்பத்தில் நீலமும் வெள்ளையும் உள்ள கொடி எங்கள் வேலியிலேயே இருந்தது, சங்குப்பூ. பட்டாணி போலவே இதுவும் மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தத்தைத் தனக்கே போட்டுக்கொள்ளும். அதனால் நீலக் கொடி தலைமுறையாக நீலமாகவும், வெள்ளைக் கொடி வெள்ளையாகவும் இருந்து வரும். அந்திமந்தாரையைத்தான் முதலில் யோசித்தேன். அது மலர்வது பள்ளி விடும் நேரத்துக்கு, நிறங்களின் கணக்கும் சிக்கலானது. விட்டுவிட்டேன்.

நீல விதை கண்மாய்க் கரை வேலியில் எடுத்தது. வெள்ளை விதை ஒரு பிள்ளையின் அப்பத்தா வீட்டிலிருந்து. சாமிக்குப் போட வளர்க்கிறார்கள். விதைத்தோல் கெட்டியானது. உப்புத்தாளில் இரண்டு தேய் தேய்த்து, ஒரு இரவு ஊறவைத்துப் போட்டால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். அப்படியே போட்டவை மூன்று வாரம் ஆகியும் பாதி முளைக்கவில்லை. விதையை வாயில் போடக் கூடாது, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பழைய சிமெண்டுச் சாக்கை மடித்து மண் நிரப்பி, பள்ளிக் கம்பி வேலியோரம் வைத்தோம். ஜூன் கடைசியில் விதைத்தது ஆகஸ்டு கடைசியில் பூத்தது.

இப்போது நீலத்தையும் வெள்ளையையும் சேர்க்க வேண்டும். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மூன்று முறை செய்ய வேண்டியதாகிவிட்டது.

சங்குப்பூவில் பெரிய இதழ் ஒன்று விரிந்திருக்கும். நடுவில் கைகூப்பியது போல் சின்ன இதழ்கள். அவற்றுக்குள்ளே வெள்ளையாக ஒரு படகு. அந்தப் படகுக்குள்தான் பத்து மகரந்தத் தாள்களும் நடுவே சூல்தண்டும் இருக்கின்றன. பூ விரிந்தபின் போனால் வேலை முடிந்துபோயிருக்கும், மகரந்தம் ஏற்கெனவே கொட்டியிருக்கும். நாளைக் காலை விரியப் போகிற மொட்டை இன்று மதியமே பிடிக்க வேண்டும். நிறம் தெரிந்தும் இன்னும் இறுக முறுக்கியிருக்கும் மொட்டு. ஊசியால் ஓரத்தைக் கீறி, படகைப் பிளந்து, ட்வீசரால் பத்து மகரந்தப்பைகளையும் எண்ணி எடுக்க வேண்டும். பத்தும் வந்ததா என்று உள்ளங்கையில் வைத்து எண்ணிப் பார்ப்பது பிள்ளைகளின் வேலை. பிறகு மொட்டை வேட்டித் துணியில் தைத்த சின்னப் பையால் மூடி, காம்பில் நூல் கட்டிவிட வேண்டும். மறுநாள் காலை பிரேயருக்கு முன், மற்ற நிறப் பூ ஒன்றைப் பறித்து, அதன் படகைத் திறந்து, மகரந்தம் அப்பிய நுனியால் நம் மொட்டின் சூல்முடியைத் தொட்டுத் தடவ வேண்டும். மறுபடி பை.

செப்டம்பரில் நீலச் செடியைத் தாயாக வைத்துச் செய்தோம். காய் பிடித்தது. எல்லாருக்கும் சந்தோஷம். அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. இந்த விதையில் நீலப்பூ வந்தால், அது நாம் சேர்த்ததால் வந்ததா, இல்லை ஒரு மகரந்தப்பை தப்பித்துத் தன்னையே சேர்த்துக்கொண்டதால் வந்ததா? கண்டுபிடிக்க வழியே இல்லை. வெள்ளைச் செடியைத்தான் தாயாக வைத்திருக்க வேண்டும். அப்போது தப்பு நடந்தால் வெள்ளைப்பூ வந்து காட்டிக்கொடுத்துவிடும். இதைச் செய்ய நினைப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பிள்ளைகளிடம் நடந்ததைச் சொல்லி, அந்தக் காய்களைத் தனியே எடுத்து வைத்தோம்.

அக்டோபரில் வெள்ளையைத் தாயாக வைத்தோம், மழை பிடித்துக்கொண்டது. துணிப்பை நனைந்து மொட்டோடு ஒட்டி எல்லாம் உதிர்ந்துபோனது. டிசம்பரில், மழை விட்டபின், மூன்றாவது முறை. 16 மொட்டில் ஐந்து காய் நின்றது. ஜனவரி கடைசியில் காய்ந்தவற்றை உடைத்தபோது 27 விதை.

விதைக்கும் முன் வாக்கெடுப்பு வைத்தேன். என்ன நிறம் பூக்கும்? 26 பேரில் 21 பேர் இளநீலம் என்றார்கள். பால் கலந்தால் காபி வெளுக்கிறதே, அதைப் போல. மூன்று பேர் பாதிச் செடி நீலம், பாதி வெள்ளை. இரண்டு பேர் ஒரே பூவில் இரண்டு நிறமும் என்றார்கள். எல்லாச் செடியும் முழு நீலம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மார்ச் கடைசியிலிருந்து பூக்கத் தொடங்கியது. 17 செடி பூத்தது. 16 கரும்நீலம். கண்மாய்க் கரைப் பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், வித்தியாசம் தெரியவில்லை. ஒன்று மட்டும் வெள்ளை. தப்பித்த மகரந்தப்பையின் வேலை அது. வெள்ளைத் தாயை வைத்ததால் பிடிபட்டது. அதைச் சிவப்பு நூல் கட்டித் தனியாக்கினோம்.

"வெள்ளை எங்க போச்சு டீச்சர்? அம்மா வெள்ளைதானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. ஐந்து மாதம் சொல்லாமல் இருந்தது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பதில் செடியிலிருந்து வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். கோடை விடுமுறையில் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். மே மாதம் காய் எடுத்தோம். இந்த முறை ஊசியும் பையும் தேவையில்லை, செடி தன்னையே சேர்த்துக்கொள்ளட்டும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் 60 விதை போட்டோம். வேலியோரம் இடம் போதவில்லை. ஆளுக்கு ஒன்றிரண்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டு இரண்டாம் வாரம், பிரேயர் மணி அடிக்கும் முன், வீட்டில் செடி வைத்திருந்த பையன் ஒருவன் தெருமுனையிலிருந்தே கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். விரல்களுக்கு நடுவே ஒரு பூ. வெள்ளை. "வந்திருச்சு டீச்சர், வந்திருச்சு!" அவன் மூச்சு வாங்குவதற்குள் மற்றவர்கள் சூழ்ந்துவிட்டார்கள். அவன் வைத்திருந்தது நீலச் செடியின் விதை. நீலத்துக்குப் பிறந்த வெள்ளை.

மொத்தம் 47 செடி பூத்தது. 36 நீலம், 11 வெள்ளை. மெண்டலின் பட்டாணியில் இதே கட்டத்தில் ஊதாப்பூ 705, வெள்ளைப்பூ 224. இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வகுக்கச் சொன்னேன். ஐந்தாம் வகுப்புக்காரர்கள் வகுத்தார்கள். இரண்டிலும் மூன்றும் கொஞ்சமும் வந்தது.

இதன் பிறகுதான் விளக்கம். அதற்குப் புளியங்கொட்டை எடுத்தோம். தாயம் ஆடுவதற்கு ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்து வைத்திருப்பார்களே, அது. கருப்புப் பக்கம் நீலப்பூ, வெள்ளைப் பக்கம் வெள்ளைப்பூ. ஒவ்வொரு கலப்புச் செடிக்குள்ளும் இரண்டும் இருக்கிறது. ஆனால் பிள்ளைக்குக் கொடுக்கும்போது ஏதாவது ஒன்றைத்தான் கொடுக்கும். அம்மா ஒரு கொட்டையைப் போடுகிறாள், அப்பா ஒரு கொட்டையைப் போடுகிறார். ஒரு கருப்பு விழுந்தாலும் பூ நீலம். இரண்டும் வெள்ளை விழுந்தால்தான் வெள்ளை.

யோசனை நன்றாக இருந்தது, கணக்கு வரவில்லை. தேய்த்த கொட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் புடைப்பு. ஒரு பக்கமே அதிகம் விழுந்தது. தாயம் ஆடுகிற பிள்ளைகளுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது, "இந்தக் கொட்டை ஏமாத்தும் டீச்சர்" என்றார்கள். தையல்காரரிடம் தட்டையான சட்டைப் பொத்தான்கள் வாங்கி ஒரு பக்கம் நகப்பாலிஷ் பூசிக்கொண்டோம். இரண்டிரண்டாக நூறு முறை போட்டதில் 27 முறை இரண்டும் வெள்ளை. நூறில் கால் பங்கு 25. பொத்தானும் செடியும் ஒரே கணக்கைச் சொல்வதைப் பார்த்து ஒருத்தி, "அப்போ வெள்ளை ஒளிஞ்சுதான் இருந்துச்சு, போகலை" என்றாள். மார்ச்சில் கேட்ட கேள்விக்கு விடை.

அப்போதே ஒருவன் பழைய நோட்டைப் புரட்டிக் கழுத்தறுத்தான் கோழியை எடுத்தான். "இந்தக் கோழியும் பொத்தான் மாதிரிதானே? சேவல்கிட்ட மொட்டை இல்லை, கோழிகிட்டதான் இருக்கு. அதான் அஞ்சு, நாலு." நான் ஒரு வருடம் முன்பு சொல்லாமல் விட்டதை அவனே போட்டு முடித்தான்.

நீலம் ஏன் வெள்ளையை மறைக்கிறது என்றும் கேட்டார்கள். நீலச் சாயம் செய்யத் தெரிந்த சமையல்காரர் ஒருவர் இருந்தாலே பானை நிறையச் சாயம் வந்துவிடும், இருவரும் தெரியாதவர்களாக இருந்தால்தான் பானை காலி என்று சொன்னேன். அந்தச் சாயத்தைத் தண்ணீரில் கரைத்து எலுமிச்சைச் சாறு விட்டு ஊதாவாக்கியும் காட்டினேன். அதற்குப் பிறகு வேலியில் நீலப்பூவே மிஞ்சவில்லை, எல்லாம் சோதனைக்குப் போயிற்று. கணக்கு எடுத்து முடித்தபின் காட்டியது நல்லதாயிற்று.

நோட்டுக்குள் வராத ஒன்று

இவ்வளவு வேலைக்கும் எனக்கு வேறு ஒரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்வது, "அப்பன் புத்திதான பிள்ளைக்கு வரும்." தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பதை அன்போடும் சொல்வார்கள், குத்திக்காட்டவும் சொல்வார்கள். இரண்டாவதைக் கேட்டு வளரும் பிள்ளைகள் நிறைய. நான் கோடும் கொம்பும் நிறமும் பெற்றோரிடமிருந்து வருகிறது என்று பாடம் எடுக்க எடுக்க, அந்தச் சொல்லுக்கு நானே பள்ளியிலிருந்து வலு சேர்த்துவிடக் கூடாதே என்று பயம் இருந்தது.

ஒருநாள் அது வந்தேவிட்டது. வகுத்தல் வராத பையன் ஒருவன் சிலேட்டைத் தள்ளிவிட்டு, "எங்க அப்பாவுக்கும் கணக்கு வராது டீச்சர். அது எனக்கும் அப்படித்தான் வந்திருக்கு" என்றான். அவன் குரலில் வருத்தம்கூட இல்லை, காது மடலைச் சொல்வதுபோல் சொன்னான்.

நான் வாய் திறக்கும் முன் ஆட்டுக்காரப் பெண் எழுந்து கரும்பலகைக்குப் போனாள். மூன்று பத்தி போட்டு, "கணக்கு எங்க?" என்று கேட்டாள். பிறக்கும்போதே இருந்தது என்று ஒருவன் சொன்னதும், "எந்தப் பாப்பாவாவது ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே பிறந்திருக்கா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் பேசினார்கள். சிலருக்குச் சீக்கிரம் வருகிறது, சிலருக்கு மெதுவாக வருகிறது, அது தெரியவில்லை பத்திக்குப் போகட்டும். ஆனால் வகுத்தல் தெரிவது பிறகு வந்தது பத்திதான் என்று முடிவானது. "அவங்க அப்பா பள்ளிக்கூடமே போகலை. யாரும் சொல்லிக் குடுக்காம எப்படி வரும்?" என்று அவன் பக்கத்தில் இருந்தவன் சொன்னான். புட்டிப்பால் குட்டியை யாரோ நினைவுபடுத்தினார்கள். அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை, சிலேட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். 36ஐ 11ஆல் வகுத்தோம்.

அவன் இப்போது ஆறாம் வகுப்பு, பக்கத்து ஊர்ப் பள்ளி. பஸ்ஸுக்கு நிற்கும் இடம் எங்கள் வேலிக்கு எதிரே.

இந்த ஜூனில் புதிய நாலாம் வகுப்போடு, அந்த 11 வெள்ளைச் செடிகளின் விதையை மட்டும் தனியாகப் போட்டிருக்கிறோம். நீலத்துக்குப் பிறந்த வெள்ளை. அதற்குப் பிறப்பது என்னவாக இருக்கும்? வாக்கெடுப்பில் நீலம் ஒளிந்திருக்கும், திரும்பி வரும் என்று 9 பேர், எல்லாம் வெள்ளை என்று 6 பேர். பொத்தான்களை இன்னும் அவர்களிடம் காட்டவில்லை. கொடி வேலியின் இரண்டாவது கம்பியைத் தொட்டுவிட்டது. காலையில் பஸ் வரும் வரை ஆறாம் வகுப்புக்காரர்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மொட்டைத் தேடுகிறார்கள். விடையைச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லிவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.